ருசி பார்க்காத சாறு

ஊதுபத்தி இன்னும் பாதிகூட எரியவில்லை, அதற்குள் டம்ளரில் சாறு நுரை அமுங்கி, பச்சை அடியிலும் தெளிந்த தண்ணீர் மேலேயுமாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. "பிழிஞ்ச கையோட குடிச்சிரணும்மா, சாமி முன்னாடி வெச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிட்டிருந்தீன்னா சத்தெல்லாம் போயிரும்" என்று பூங்கொடி போனில் சிரித்தாள். என் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பெங்களூரில் இருந்துகொண்டு இந்தச் சாறு பிழிகிற மிஷினை எனக்கு அனுப்பி வைத்ததே அவள்தான், ஆனால் முருகா, இன்றைக்குக் கிருத்திகை ஆயிற்றே. கிருத்திகையன்று இந்த அடுப்படியில் எது செய்தாலும் முதல் வாய் உனக்கு. உப்புப் பார்க்கமாட்டேன், புளிப்புப் பார்க்கமாட்டேன், கரண்டியில் வழிந்ததை விரலால் தொட்டு நக்கக்கூட மாட்டேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான், பொங்கலில் உப்புக் கூடிப்போன அன்றைக்குக்கூட நீ முகம் சுளித்ததில்லை. சாறுக்கு மட்டும் வேறு சட்டமா என்ன. கால் மணி நேரம்தானே, சத்து எங்கே ஓடிவிடப்போகிறது, ஓடினாலும் உன்னிடம்தானே ஓடும். குளியலறையில் என் வீட்டுக்காரர் குளிக்கிற சத்தம் கேட்கிறது, வேகமாக மூன்று சொம்பு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று சொம்பு. பஸ் ஓட்டின காலத்துக் குளியல். விடியற்காலை முதல் டிரிப்புக்கு ஓடினவர், ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் இன்னும் யாரோ டிப்போவில் விசில் ஊதுகிற மாதிரியேதான் குளிக்கிறார். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு உயிர் இருக்கிறது. நடுவில் அந்த நிறுத்தம் கொஞ்சம் நீண்டால் போதும், நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து கதவுவரைக்கும் போய் நின்றுவிடும். இதோ, மறுபடி மூன்று சொம்பு. நல்லது. உன் கருணை.

நான் உன்னிடம் பெரிதாக என்ன கேட்டுவிட்டேன். மூன்று மாசம். அந்த டாக்டரம்மா, நம் பூங்கொடி வயசுதான் இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்தாளே, சர்க்கரை இருநூற்றெண்பது, ஈரல் முழுக்கக் கொழுப்பு, "மூணு மாசம் பார்க்கலாம் ஐயா, பஜ்ஜி போண்டா டீ எல்லாத்தையும் விடுங்க, காய்கறியா சாப்பிடுங்க, அப்பவும் குறையலைன்னா ஊசிதான்." ஊசி என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை. சேலத்திலிருந்து மேட்டூர் வரைக்கும் முப்பது வருஷம் எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றி இறக்கின மனுஷன், ஒரு விரல் நீள ஊசிக்கு அப்படி ஒரு பார்வை. ஊசிக்காக இல்லை, எனக்குத் தெரியும். அவருடைய அண்ணனுக்கும் ஊசியில்தான் ஆரம்பித்தது, அப்புறம் கட்டை விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. அந்தக் காலை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனுடைய செருப்பு ஜோடியாகக் கிடந்தது, எதைக் கொண்டுபோவது எதை விடுவது என்று தெரியாமல் இவர் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதை நான் நினைக்கவே கூடாது, இந்த வேளையில் அதை ஏன் நினைக்கிறேன். பூங்கொடியிடம் அழுதேன். ஐந்தாம் நாள் ஒரு பெட்டி வந்தது. மிக்சி மாதிரி இருக்கும் என்று பார்த்தால், இல்லை, உள்ளே ஆட்டுக்கல் குழவியைத் திருகாணி பண்ணின மாதிரி ஒன்று, அவசரமே இல்லாமல் சுற்றுகிறது, ஒரு பக்கம் சாறு வடிகிறது, இன்னொரு பக்கம் சக்கை வாழைத்தண்டு நாராட்டம் நெளிந்து நெளிந்து வருகிறது. எட்டாவது படித்தவளுக்கு அந்த இங்கிலீஷ் புத்தகம் எங்கே புரியும், படத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். மாட்டினதும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் "அம்மா, மோட்டாருக்கா பொட்டு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும், என்னை வைத்து என் பிள்ளைகள் சிரிப்பதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு. முதல் நாள் அரைக் கிலோ கேரட் போட்டால் டம்ளரில் முக்கால்வாசிகூட வரவில்லை. அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "அரைக் கிலோவுக்கு இவ்வளவுதானா புள்ள? என் பழைய டவுன் பஸ்ஸே இதைவிட நல்லா மைலேஜ் குடுக்கும்" என்றார். குடித்தார். மறுநாள் பீட்ரூட். அடுப்படி மேடை, சுவர், என் முந்தானை எல்லாம் ஆட்டுக்கறிக்கடை மாதிரி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதற்கு அடுத்த நாள் காலையில் கக்கூஸுக்குள்ளிருந்து "செண்பகம், ரத்தம் போவுது, ரத்தம்" என்று ஒரு குரல் வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் போனில் பூங்கொடி, "பீட்ரூட் குடிச்சா அப்படித்தாம்ப்பா போவும்" என்று அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் உனக்கு எத்தனை மொட்டை நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே கணக்குத் தெரியவில்லை, நீயும் கேட்காதே.

அதற்கப்புறம் எலுமிச்சம்பழம் தோலோடு போட்டுக் கசந்துபோன அன்று, அவர் முகம் கோணினதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கு அழுதேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஒரு டம்ளர் சாறு கசந்ததற்கு யாராவது அழுவார்களா. கசப்புக்கு இல்லை அது. இவ்வளவு தெரியாதவளை நம்பி இவர் உடம்பை ஒப்படைத்திருக்கிறாரே என்று. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுசும் குடித்தார், குடித்துவிட்டு என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், நின்றுபோன வண்டியைத் தட்டுகிற மாதிரி. நெல்லிக்காயைக் கொட்டையோடு போட்டு மிஷின் இறுகிக்கொண்டதும் அவர்தான் வந்து "ரிவர்ஸ் இருக்குது பாரு, எந்த வண்டிக்கும் ரிவர்ஸ் இருக்கும்" என்று பொத்தானைக் கண்டுபிடித்தார். கீரையை நீளமாகப் போட்டால் திருகில் சுற்றிக்கொள்கிறது, பொடியாக நறுக்கிப் போடவேண்டும். வெள்ளரிக்காய்க்கு நடுவில் இஞ்சியைச் சொருகினால் இஞ்சி முழுசும் பிழிபடும். ஏழு நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டேன், இந்த வயசில் ஒரு புது வேலை கைக்கு வருவதே நீ போட்ட பிச்சை. இன்றைக்கு இஞ்சியும் எலுமிச்சம்பழமும் சேர்த்துச் சுரைக்காய். அதுகூட நான் போய் வாங்கினதா, பக்கத்து வீட்டு சரோஜாக்கா சுவருக்கு மேலே நீட்டினாள், "மாடியில தானா மொளைச்ச கொடி, மருந்தே அடிக்கல, உம் வீட்டுக்காரருக்குப் புழிஞ்சு குடு, ஒடம்பு குளுந்துரும்." கேட்காமலே கை நீட்டுகிற அக்கம்பக்கம் யாருக்குக் கிடைக்கும். கற்பூரத்தைக் காட்டிவிடலாம், கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. முருகா, என்னுடைய வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான், இன்றைக்கும் அவர் இதைக் குடித்துவிடவேண்டும், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், மூன்று மாசமும் ஒரு நாள் விடாமல் நீதான் அவரைக் குடிக்கவைக்கவேண்டும்.

வந்தார். தலையில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது, துவட்டினால் என்ன என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன், விபூதி பூசுகிற நேரத்தில் திட்டக்கூடாது. டம்ளரை எடுத்துக்கொண்டு, "நீ போய் உன் வேலையப் பாரு, நான் வெயில்ல நின்னு குடிச்சுக்கறேன்" என்று பின்பக்கம் போனார். வெயிலில் நின்று குடித்தால் நல்லதுதானோ என்னவோ. நான் மிஷினின் சல்லடையை எடுத்துக் குழாயடியில் உட்கார்ந்தேன். இதைக் கழுவுவது மட்டும்தான் பெரும்பாடு, ஊசிக்கண் மாதிரி ஆயிரம் ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு நார், அதற்கென்றே ஒரு பிரஷ் கொடுத்திருக்கிறார்கள், காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க மனசு எங்கெங்கோ போகிறது. மகன் தினகரனுக்குத் திருப்பூரில் சம்பளம் கூட்டிக் கொடுத்திருக்கிறார்களாம், மருமகள் சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் கைக்குழந்தையாக இருந்தபோது மழை வெள்ளத்தில் இவர் வண்டியோடு ஒரு ராத்திரி பூராவும் வரவில்லை, அன்றைக்கு நான் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் இடுப்புவரைக்கும் சேறோடு வந்து வாசலில் நின்று "சோறு இருக்குதா" என்றாரே, அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னும் உனக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை. "இந்தா" என்று பின்னாலிருந்து குரல். டம்ளரை நீட்டுகிறார். காலி. காலி மட்டுமா, கழுவியும் இருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் குடித்த டம்ளரைக் கழுவி நான் பார்த்ததே கிடையாது. "எப்படி இருந்துச்சுங்க?" "பிரமாதம். நேத்தைக்கவிட இன்னிக்குத்தான் நல்லா இருந்துச்சு." சொல்லிவிட்டு முன்னறைக்குப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழுவின டம்ளரை மேடையில் கவிழ்த்துவைக்கக்கூட மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனுக்கு நல்ல புத்தி கொடுக்கவேண்டுமென்றால் அறுபத்திரண்டு வயசில்கூட நீ கொடுப்பாய். ஜாடியின் அடியில் எனக்கென்று ஒரு வாய் விட்டு வைத்திருந்தேன். சாமிக்கு ஆயிற்று, அவருக்கு ஆயிற்று, இனி எனக்கு. ஜாடியைத் தூக்கி அப்படியே வாயில் சாய்த்தேன்.

கசப்பு. பாகற்காய்க் கசப்பு இல்லை, வேப்பங்கொழுந்துக் கசப்பும் இல்லை, அதெல்லாம் நாக்கில் பட்டு இறங்குகிற கசப்பு. இது நாக்கைப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் துப்பினேன், கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன், போகவில்லை, தொண்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எலுமிச்சம்பழம் தோலுரித்துத்தான் போட்டேன். விதைகூட எடுத்துவிட்டேன். அப்படியென்றால் சுரைக்காய். சுரைக்காய் கசந்தால். முருகா. சுரைக்காய் கசந்தால் என்ன என்று எனக்குத் தெரியாதா, எந்தப் பொம்பளைக்குத் தெரியாது, கூட்டு வைக்கிறதென்றால்கூட ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே அடுப்பில் ஏற்றுவோம், கசந்தால் மாட்டுக்குக்கூடப் போடமாட்டோம். போன வருஷம் நாலாவது தெருவில் அந்த டெய்லர் வீட்டம்மா கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துவிட்டு ரத்தமாக வாந்தி எடுத்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேனே, குமட்டலுக்கு நாரத்தங்காயை முகர்ந்து பார்த்தபடி சுருண்டு கிடந்தாளே. எல்லா நாளும் நறுக்கும்போதே ஒரு துண்டு வாயில் போடுகிற கை, இன்றைக்கு மட்டும் போடவில்லை. இன்றைக்குக் கிருத்திகை. முதல் வாய் சாமிக்கு. ஒரு டம்ளர் நிறைய. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், சொட்டு மிச்சமில்லாமல் குடித்து டம்ளரையும் கழுவிக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே ஈரல் கெட்டுக் கிடக்கிற உடம்பு. அடுப்படியிலிருந்து முன்னறைக்குப் பத்து அடி இருக்குமா, சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன், போகப் போக எனக்கு அந்தச் செருப்பு இரண்டும் கண்ணில் வருகிறது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம், இருந்தும் வருகிறது. பிரியமாய்க் கொடுத்தாளே சரோஜாக்கா, அவளுக்குத் தெரியாது. பிரியமாய் அனுப்பினாளே என் மகள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் பிழிந்து கொடுத்தேன்.

பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏங்க, கசக்கலையா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி கேட்டேன். "எது?" "சாறுங்க." "இல்லையே. நல்லாத்தான் இருந்துச்சு, தேனாட்டம்." "பூராவும் குடிச்சீங்களா?" "ஒரு சொட்டு விடல." அந்தக் கசப்பு தேனாட்டம் இருந்தது என்றால் நாக்கே செத்துப்போயிற்றா, சர்க்கரை அதையும் தின்றுவிட்டதா. "எந்திரிங்க, சட்டையப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்." "ஏன் புள்ள, உனக்கு என்ன செய்யுது?" "எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான். சுரைக்கா கசந்துருச்சுங்க. அது விஷம். கசந்த சுரைக்கா விஷம்ங்க." பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. என் முகத்தையே பார்த்தார். "நான் குடிக்கல" என்றார். ஆஸ்பத்திரி என்றதும் எப்படி மாறுகிறது பார் பேச்சு, போன தடவை நெஞ்சுவலி வந்தபோதும் இரண்டு நாள் வாயு வாயு என்று சொல்லியே மறைத்தவர்தானே. "பொய் சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன், எந்திரிங்க." "சத்தியமா குடிக்கல புள்ள." "இப்பத்தானே தேனாட்டம் இருந்துச்சுன்னீங்க?" "அது பொய்." "எது பொய்யி, எது நெசம், எனக்கு எப்படித் தெரியும்?" என்று நான் கத்தினேன், இந்த வீட்டில் நான் கத்தி எத்தனையோ வருஷமாயிற்று, அவர் விருட்டென்று எழுந்து என் கையைப் பிடித்தார். "வா. வந்து நீயே பாரு." இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே தண்ணீர் போகிற ஓட்டை, அதன் மேலே இரும்பு வலை. குனிந்து கையை நீட்டிக் காட்டினார். வலை முழுக்கப் பச்சை நுரை, இஞ்சி நாரும் சுரைக்காய்த் துணுக்குமாக, தண்ணீர் விட்டுக் கழுவியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு வாய் வெச்சேன். எட்டிக்காயாட்டம் இருந்துச்சு, துப்பிட்டேன். அன்னிக்காட்டம் தோலோட எலுமிச்சம்பழம் போட்டுட்ட போலருக்குன்னு நெனச்சேன். சொன்னா மறுபடி அழுவியேன்னுதான் சத்தமில்லாம ஊத்திட்டு டம்ளரையும் கழுவிட்டேன்." "முழுங்கலையே?" "இல்ல." "கொஞ்சங்கூட?" "இல்ல புள்ள. முந்தாநாள் கீரைய ஊத்தினேன், அதுவும் சொல்லிர்றேன். நெல்லிக்கா பாதி ஊத்தினேன். பீட்ரூட்டு குடிச்சேன், அதுதான் உனக்கே தெரியுமே."

நான் அந்த வலைக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நுரையை விரலால் தொட்டேன். ஒரு டம்ளர் சாறும் அங்கேதான் இருந்தது, எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஏழு நாளாக நான் யாரை நம்பினேன், எதற்கெல்லாம் கண் கலங்கினேன், கழுவின டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, கோபம் வரவேண்டும்தானே, வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தேன். வரவில்லை. சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் ஏதோ ஒன்று தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது. நான் கேட்டபடியே நீ கொடுத்திருந்தால் இந்நேரம் நான் எங்கே இருப்பேன் முருகா. காதில் வாங்கிக்கொண்டும் வாங்காத மாதிரி இருந்துவிட்டாயே, அப்பா, என் அப்பா, உனக்கு நான் என்ன செய்வேன். அவர் பயந்துபோய் என் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். "அழுவாத. இனிமே ஊத்தமாட்டேன், விடு. கீரையக்கூடக் குடிக்கறேன்." இவருக்கு எப்படிச் சொல்வது. அவர் ஈரத் தலையைப் பிடித்து என் முந்தானையால் துவட்டிவிட்டேன், அவ்வளவுதான் முடிந்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு அவரே போன் போட்டார், நான் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன், துப்பிவிட்டால் பயமில்லை, குமட்டலோ வயிற்றுவலியோ வந்தால் உடனே இரண்டு பேரும் வாருங்கள் என்றார்கள். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தோம். "பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்குது" என்றார். "வராம இருந்தாச் சரி" என்றேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை, தெருவில் கோலமாவுக்காரன் போனான், சரோஜாக்கா வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, அவளிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும், கொடியையும் பிடுங்கிவிடச் சொல்லவேண்டும், ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு நிமிஷமும் எனக்கென்றே தனியாக எடுத்துவைத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

மிஷினைத் தேய்த்துக் கழுவி மறுபடி மாட்டினேன். வெள்ளரிக்காய் இரண்டு இருந்தது. ஒவ்வொன்றிலும் காம்புப் பக்கம் ஒரு துண்டு, நுனிப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி, வாயில் போட்டு, மென்று, முழுங்கி, கொஞ்சம் நின்று பார்த்தபிறகுதான் மிஷினுக்குள் போட்டேன். அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். "ஏ புள்ள, கிருத்திகையன்னிக்கு எச்சில் பண்றியே, உம் முருகன் கோவிச்சுக்கப் போறான்." "அவரு எங்க போயிரப்போறாரு, அவருக்கு அப்புறம் தனியாப் புழிஞ்சு வெச்சுக்கறேன்" என்றேன், சொல்லும்போது நாக்குக் கூசவில்லை, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புதினாவை ஒரு இலை கடித்தேன். இஞ்சியைக் கடித்தேன், காரம் கண்ணில் ஏறியது. பாதி எலுமிச்சம்பழம், தோலில்லாமல், அதையும் நக்கிப் பார்த்தேன். சாறு இறங்கியது, வெளிறின பச்சையில், மெதுவாக. ஜாடியிலிருந்து முதல் வாயை நான் குடித்தேன். பிறகு டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்து, "வெயிலுக்கெல்லாம் போவேண்டாம், இங்கயே நின்னு குடிங்க" என்றேன். வாங்கினார். ஒரு வாய் குடித்தார், தொண்டை மேலே ஏறி இறங்கியதைப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தார். என்னைப் பார்த்தார், நான் அழப்போகிறேனா என்று பார்க்கிற பார்வை அது, நான் அழவில்லை, அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாவே இல்ல புள்ள" என்றார். "இஞ்சி தொண்டையக் கிழிக்குது, உப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல."

சொல்லிவிட்டு, மீதியையும் குடித்தார்.